ஒரு கட்டை, ஒரு கரண்டி

அச்சுப்படம் என்றதும் நமக்கு நகல் என்றுதான் தோன்றும். நூறு போட்டாலும் நூறும் ஒன்றுபோல இருக்கும். பிளான்ச் லாஸெலின் ‘ஊதா ஜாடி’ (1919) என்கிற ஸ்டில் லைஃப் அந்த வகையில் சேராது.

லாஸெல் 1878இல் மேற்கு வர்ஜீனியாவில், மேட்ஸ்வில் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். 1912இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, பாரிஸில் தங்கி ஓவியம் படித்தார். உலகப்போர் மூண்டதும் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க ஓவியர்கள் பலர் நாடு திரும்பினார்கள். அவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்த இடம் பிராவின்ஸ்டவுன், மாசசூசெட்ஸின் மீனவ ஊர். 1915 கோடையில் லாஸெலும் அங்கே வந்தார்.

அப்போது அந்த ஊரில் ஒரு புது முறை பிறந்திருந்தது. ஜப்பானிய வழியில் நிறத்துக்கு ஒரு கட்டை செதுக்க வேண்டும். அந்த வேலை அலுத்துப்போன நார்ட்ஃபெல்ட் என்ற ஓவியர், எல்லா நிறத்துக்கும் ஒரே கட்டை போதும் என்றார். உருவங்களுக்கு நடுவே பள்ளமாகக் கோடு கீறிவிட வேண்டும், அவ்வளவுதான். தாளின் ஒரு ஓரத்தைக் கட்டையில் பொருத்திக்கொண்டு, ஒரு சிறு பகுதிக்கு நீர்வண்ணம் பூசி, தாளை மடக்கி, கரண்டி முதுகால் தேய்க்க வேண்டும். பிறகு தூக்கிவிட்டு அடுத்த பகுதி. பள்ளத்தில் வண்ணம் படாது. தாளின் வெண்மையே கோடாக நிற்கும்.

1916இல் ஆலிவர் சாஃபியிடம் இதைக் கற்ற லாஸெல், வாழ்நாள் முழுக்க விடவில்லை. கட்டை மாறாது, ஆனால் ஒவ்வொரு முறையும் வண்ணத்தைக் கைதான் பூசுகிறது. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று வராது. இதை அச்சு என்பதா, ஓவியம் என்பதா?

1923இல் மறுபடி பாரிஸ் போனார். லெஜே, லோத், கிளேஸ் மூவரிடமும் படித்துவிட்டு, முழு அரூபத்துக்கே போனார். ஆனாலும் பூவையும் ஜாடியையும் கைவிடவில்லை. இதைப் பெண்கள் வரைகிற பூப்படம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது தவறு என்பேன். பொருளைத் தளங்களாகப் பிரித்துப் பார்க்கும் கியூபிசப் பாடத்தை, அந்த வெள்ளைக் கோடு ஒரு சாதாரண ஜாடியின் மேல் நடத்திக் காட்டுகிறது. செதுக்கி எறிந்த இடம்தான் அந்தப் படத்தைத் தாங்கி நிற்கிறது.