அத்தாங்குக்கு யார் வரலாறு எழுதினது?

திருகோணமலைத் துறைமுக வரலாறு என்று தேடினா கப்பல்கள்தான் வரும். 1782இல் பிரெஞ்சுக்காரர் பிடிச்சது, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் குண்டு போட்டது, 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் போனது. கப்பல்துறை, ஊர்ப்பேரிலயே கப்பல். ஆனா இந்தக் கரைகளில் தூண்டில்காரருக்கு இரை இறால் எடுத்துக் குடுத்தது வீட்டில கட்டின அத்தாங்கு.

கம்பை வளைச்சு வளையமாக்கி, பை மாதிரி வலை தைச்சா அத்தாங்கு. இறால் வெருண்டா பின்பக்கமாப் பாயும். அதால வலையைப் பின்னால வைச்சு, முன்னால காலால கலைக்கவேணும்.

முந்தி பருத்தி நூல். உப்புத்தண்ணியில் உக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்ப்பார்கள். நைலோன் வந்ததோட அந்த வேலை இல்லாமல் போனது. பிறகு போர், கடலுக்கு இறங்கத் தடை, பாஸ். தொழிலை விட்ட வீடுகளில் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் சேரவில்லை.

பீரங்கி இரும்பு, அதால மிஞ்சி நிக்குது. அத்தாங்கு உக்கிப்போகும், கட்டினவரின் கைதான் அதுக்கு ஆவணம். உங்கட வீட்டில தெரிஞ்ச அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தா, பக்கத்தில இருந்து ஒண்டு கட்டிப் பழகுங்கோ. பிறகு எழுதுங்கோ.