ஓடும் மெய்நிகர் கணினியில் நினைவக மாற்றம்

ஒரு சர்வருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலேயே அதன் நினைவகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓடும்நிலை நினைவக மாற்றம் எனப்படும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காளர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 32 ஜிபி நினைவகம் உள்ள ஒரே சர்வர். அதில் கணக்கு மென்பொருளுக்கு ஒரு மெய்நிகர் கணினி, கோப்புகளுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. மலேசியாவில் சம்பளக்காரர்களின் வருமானவரிப் படிவத்துக்கு ஏப்ரல் 30 கெடு. அந்த மாதம் கணக்குக் கணினி மூச்சுத் திணறும். பக்கத்திலேயே கோப்புக் கணினி பாதி நினைவகத்தைச் சும்மா வைத்திருக்கும். அங்கிருந்து எடுத்து இங்கே கொடுப்பதுதான் இந்த நுட்பத்தின் வேலை. புதிதாக நினைவகம் எதுவும் பிறப்பதில்லை.

எடுப்பதில்தான் சிக்கல். எந்த நினைவகப் பக்கம் முக்கியமானது, எது வேண்டாதது என்பது உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தெரியும்; வெளியே இருந்து ஆளும் ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. இதற்கு விஎம்வேர் நிறுவனத்தின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விடை தந்தது. உள்ளே ஒரு சிறு டிரைவர் உட்கார்ந்து, சாதாரண நிரல் போலவே நினைவகம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. பலூன் ஊதுவது போல. இடம் குறைந்ததும் இயங்குதளம் தனக்குத் தேவையற்ற பக்கங்களைத் தானே விடுவிக்கிறது. பலூன் பிடித்த பக்கங்களை ஹைப்பர்வைசர் எடுத்து மற்ற கணினிக்குத் தருகிறது. திருப்பித் தர வேண்டுமானால் பலூனின் காற்றை இறக்கினால் போதும். அறியாதவன் கைவைக்காமல், அறிந்தவனையே விட்டுக்கொடுக்க வைக்கும் இந்த யோசனை அபாரமானது.

2007இல் லினக்ஸ் 2.6.20 பதிப்போடு சேர்ந்த கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரும் பலூனையே நம்புகிறது. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி 2011இல் தானே கூட்டிக் குறைக்கும் வசதியைப் பெற்றது.

கேவிஎம்மில் ‘விர்ஷ் செட்மெம்’ என்ற கட்டளை பலூனை ஊதும், இறக்கும். ஆனால் கணினியைத் தொடங்கும்போது வைத்த உச்சவரம்புக்கு மேல் பலூனால் போக முடியாது. 4 ஜிபியை உச்சமாக வைத்துத் தொடங்கிய கணினிக்கு 8 ஜிபி தர, நினைவகத் துண்டையே புதிதாகச் செருகும் வேறு முறை வேண்டும். அதற்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். இந்தக் கட்டளை அலகு சொல்லாத எண்ணைக் கிபிபைட்டாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. 4 ஜிபி என்றால் 4194304. மெகாபைட் என்று நினைத்து 4096 என்று அடித்தால், ஓடும் கணினிக்கு 4 எம்பி மட்டுமே மிஞ்சும். அது அங்கேயே விழும்.

அளவுக்கு மீறி ஊதினாலும் ஆபத்துதான். உள்ளே உள்ள லினக்ஸ் முதலில் வட்டுக்குப் பக்கங்களைத் தள்ளும். அதுவும் போதாமல் போனால் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். பெரும்பாலும் பலியாவது அதிக நினைவகம் தின்னும் தரவுத்தளம்தான். கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கொடுத்ததை எல்லாத் தரவுத்தளமும் உடனே பயன்படுத்திக்கொள்ளாது. போஸ்ட்கிரெஸ் தன் பகிர்வு நினைவகத்தைத் தொடங்கும்போதே முடிவு செய்துகொள்கிறது. மறுபடி தொடங்கும்வரை அந்த அளவு மாறாது. மைஎஸ்கியூஎல்லோ 5.7 பதிப்பிலிருந்து ஓடும்போதே தன் நினைவக அளவை மாற்ற விடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பலர் சொந்த சர்வரை விட்டு மேகக் கணிமைக்கு நகர்கிறார்கள். அமேசான் தன் மலேசிய மேக மண்டலத்தை 2024 ஆகஸ்டிலும், மைக்ரோசாப்ட் தன்னுடையதை 2025 மே மாதத்திலும் திறந்தன. அங்கே வாடகைக்கு எடுக்கும் கணினியின் நினைவகம் அதன் வகையோடு கட்டப்பட்டது. அமேசானில் வகையை மாற்றக் கணினியை நிறுத்தியாக வேண்டும். மைக்ரோசாப்டில் ஓடும் கணினியின் அளவை மாற்றினால் அது மறுதொடக்கம் ஆகும். நிறுத்தாமல் மாற்றும் வசதி சொந்த சர்வரில்தான் கைகொடுக்கும். ஆகவே கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் முதன்முறை தொடங்கும் அன்றே உச்சவரம்பைத் தாராளமாக வைத்துவிடுங்கள். குறைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.