செட்டிநாட்டு வீட்டில் ரெண்டு நாள்... என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?

லாங் வீக்எண்டு வந்தாலே ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பி டிராஃபிக்கில் நின்னு அலுத்துடுச்சா? இந்த முறை சிவகங்கை மாவட்டம் கானாடுகாத்தானுக்கு வாங்க. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. இங்குள்ள பழைய செட்டிநாட்டு வீடுகள் சில, தங்கும் இடங்களாக மாறியிருக்கின்றன. ரயிலில் வந்தால் 'செட்டிநாடு' ஸ்டேஷன் பக்கம்தான். உங்க ரயில் அங்கே நிற்குமான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

காலை: தெருவில் ஒரு நடை

வெயில் ஏறும் முன் கிளம்பிடுங்க. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள், பர்மா தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம். பல வீடுகள் பூட்டியே கிடக்கும். சிலவற்றில் ஆட்கள் வசிக்கிறார்கள். அதனால், கேட்காமல் உள்ளே போய் ரீல்ஸ் எடுக்க வேண்டாம்!

ஆத்தங்குடி: கையால் ஒரு கல்

கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் கலவையை ஊற்றி ஒவ்வொரு கல்லாகச் செய்கிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பதுதான். அந்தப் பளபளப்பு கண்ணாடி தருவது.

திருமயம் கோட்டை

1687-ல் சேதுபதி மன்னர் காலத்தில் கட்டப்பட்டது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து குடைவரைக் கோயில்கள். மாலையில் ஏறினால் காத்து அள்ளும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்

திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். பறவைகள் மிரளக் கூடாதுன்னு கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட பட்டாசு வெடிப்பதில்லை. நாமும் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிடலாமே!

ஷாப்பிங்: கொஞ்சம் யோசிச்சு...

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். சுத்திப் பார்க்கவே அரை நாள் போகும். ஆனா, அங்கே இருக்கும் தூணும் கதவும் பெரும்பாலும் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தவை. நீங்க நேத்து ரசிச்சு நின்ன மாதிரியான வீடுதான் அதுவும். அந்தக் காசுக்கு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெசவாளர்களிடமே வாங்கலாம். ஆத்தங்குடி கல் நாலு வாங்கி வந்து வீட்டு வாசலில் பதிக்கலாம். செய்யும் கைகளுக்கு நேரடியாக வேலை கிடைக்கும்.

சாப்பாடு: வெள்ளைப் பணியாரம் - காரச் சட்னி, கவுனி அரிசி இனிப்பு ரெண்டையும் மிஸ் பண்ணாதீங்க. தங்கும் இடத்தில் முந்தின நாளே சொல்லி வெச்சா, சுடச்சுடக் கிடைக்கும்.