முதுமையில் சுவைக்கும் தேயிலை

பழந்தேயிலைக்கு விலை அதிகம் என்றால் நம் மலையகத்தார் சிரிப்பர். சீனத்தின் யுன்னான் மாகாணத்துப் பூஅர் தேயிலை அத்தகையது. 2008 ஆம் ஆண்டுத் தர விதிப்படி, அங்கு விளையும் பெரிய இலைக்கே இப்பெயர் உரியது.

கொழுந்தை வாட்டி, சட்டியில் வறுத்து, உருட்டி, வெயிலில் உலர்த்துவர். பின்னர் நீராவியில் இளக்கி வட்டுகளாக அழுத்துவர். வட்டொன்று 357 கிராம். ஏழு வட்டுகள் ஒரு மூங்கில் மடற் கட்டு. இப்படி அழுத்திய தேயிலையையே பொதிக்குதிரைகள் திபெத்துக்குச் சுமந்தன.

பச்சை வகை முதிரப் பல்லாண்டுகள் வேண்டும். காத்திருக்க மாட்டாதோருக்காக 1973 இல் குன்மிங் தொழிற்சாலையார் ஈரக்குவியல் முறையை வகுத்தனர். நனைத்துக் குவித்து மூடினால், ஒன்றரை மாதமளவில் நுண்ணுயிர்கள் இலையைக் கறுப்பாக்கிவிடும். இதுவே பழுத்த வகை. என் நாவுக்கு மண்வாசனை சற்று மிகுதி.

முதுமைக்கு விலையுண்டென்று வணிகர் வாங்கிப் பதுக்கினர். 2007 இல் விலை சரிந்தது. பலர் கையில் எஞ்சியது, குடித்தே தீர்க்கவேண்டிய நட்டம்.