திரும்பச் சொல்லும் உரிமை: மலையேற்ற வழிகாட்டித் தொழிலின் வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து அய்யலூர், திண்டுக்கல் வழியே மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டபின், கொடைக்கானலுக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில், இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மலையேறினர். 1821இல் பழனி மலைகளை அளந்த லெப்டினன்ட் வார்டு, 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் ஆகியோரின் காலத்திலிருந்தே மலைக்குச் செல்லும் மனிதரும் மரச்சாமானும் பிறர் தோளிலும் தலையிலும்தான் மேலேறினர். அப்பாதைக்கு ‘கூலி காட்’ என்றே பெயர் நிலைத்தது. கோக்கர், லா ஆகிய அதிகாரிகளின் பெயர்கள் கொடைக்கானலின் நடைபாதைக்கும் பிற்கால மலைச்சாலைக்கும் சூட்டப்பட, டோலி தூக்கியவர்களுக்குக் கிடைத்தது தொழிலின் பொதுப்பெயர் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று ‘வழிகாட்டியுடன் கூடிய மலையேற்றம்’ எனப்படும் ஏற்பாட்டின் எளிய வடிவம் இந்தச் சுமைகூலி முறையில் உள்ளது. ஒரு டோலிக்கு எத்தனை ஆள், பெட்டிகளுக்கு எத்தனை தலை, வெயிலுக்கு முன் எவ்வளவு தூரம் என்பனவே அதன் கணக்குகள். பாதையை அறிந்தவர் சுமப்பவராயினும், ஏறுவதா நிற்பதா என்பதைக் கூலி கொடுப்பவரே முடிவு செய்தார். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் இதனால் பெரிய கேடு விளையவில்லை. ஆனால் ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் மெல்லிய காற்று உடலை வருத்தத் தொடங்கும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடும். அத்தகைய உயரங்களுக்கும் இதே முறையைக் கொண்டுசென்றபோதுதான் அதன் குறை உயிர்ச்சேதமாக வெளிப்பட்டது.

அக்குறையை நேரில் கண்டவருள் ஒருவர் பின்னர் தமிழ் மண்ணிலேயே தங்கிப் பணியாற்றினார். ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் 1922ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்றிருந்தார். அவ்வாண்டு ஜூன் 7 அன்று, புதுப்பனி விழுந்திருந்த சரிவில் மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் சுமையாளர்களுடன் ஏறியபோது பனிச்சரிவு ஏற்பட்டு ஏழு சுமையாளர்கள் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவரும் சாகவில்லை. தம்மில் ஒருவரேனும் அவர்களுடைய விதியைப் பகிர்ந்திருக்கக் கூடாதா என்ற வேதனையைச் சோமர்வெல் பின்னாளில் எழுத்தில் வெளிப்படுத்தினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையைக் கண்டு, லண்டன் வாழ்வைக் கைவிட்டு அங்கே மருத்துவராகச் சேர்ந்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்றபோது, வடகணவாய் முகாமில் நான்கு சுமையாளர்கள் சிக்கிக்கொள்ள, ஏற்றத் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு குழுவினரான நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் மேலேறி அவர்களை இறக்கிக் கொணர்ந்தனர். சுமப்பவரின் உயிர் உச்சியைவிட முன்னே வைக்கப்பட்ட அந்த நாள், அதே ஆண்டில் மல்லோரியும் சக ஏறுநர் இர்வினும் எவரெஸ்ட்டில் மறைந்த பெருங்கதையின் நிழலில் மங்கிப்போனது வரலாற்றின் ஓரவஞ்சனையே.

சுமையாளர் வழிகாட்டியாக உயர்ந்த கதை டார்ஜிலிங்கில் நடந்தது. 1928இல் தோன்றிய இமாலயன் கிளப், ஷெர்பா இனச் சுமையாளர்களின் பெயர்களையும் அனுபவத்தையும் பதிவு செய்து, மிக உயரத்தில் திறம்படப் பணியாற்றியவர்களுக்குப் பின்னர் ‘புலி’ என்னும் பட்டத்தையும் வழங்கியது. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங் நோர்கே, 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்ற நிறுவனத்தில் களப்பயிற்சி இயக்குநரானார். ஒரு காலத்தில் சுமைக்காக அமர்த்தப்பட்டவர், ராணுவ அதிகாரிகளுக்கே கயிறு பிடிக்கக் கற்பிக்கும் ஆசிரியரானார். அடிப்படைப் பயிற்சியில் ‘ஏ’ தரம் பெற்றவரே உயர்நிலைப் பயிற்சிக்குத் தகுதியுடையவர் என்னும் நெறி அங்கும், 1965இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனத்திலும் வேரூன்றியது. இடைநிலை ஏறுநர் என்று இன்று குறிப்பிடப்படுபவர் பெரும்பாலும் இந்த இரு படிகளுக்கும் நடுவில் நிற்பவரே.

இத்தகைய ஏறுநருக்கான பயணத் திட்டத்தில் உணவு, கூடாரம், அனுமதி ஆகியவற்றைவிட நாள்கணக்கே முதன்மையானது. 1962ஆம் ஆண்டு சீனப் போரையொட்டிச் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்ட வீரர்களிடையே கண்ட நோயை இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் ஆராய்ந்து, 1,925 வீரர்களைப் பற்றிய முடிவுகளை 1969இல் வெளியிட்டனர். உடல்வலிமை மிக்க இளைஞரும் அவசர ஏற்றத்தில் நுரையீரலில் நீர் கோத்து மடியக்கூடும் என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆகவே, சில நூறு மீட்டர் உயரமே உள்ள அய்யலூர் போன்ற ஊரிலிருந்து புறப்படுபவர் 3,000 மீட்டரைக் கடந்தபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஓய்ந்தும், பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கி உறங்கியும் உடலை உயரத்துக்குப் பழக்க வேண்டும். வானிலைக்கென ஒதுக்கப்படும் உபரி நாட்களை வீண் செலவாகக் கருதும் பயணியே எத்திட்டத்துக்கும் பெரிய இடையூறு.

ஜிம்மி ராபர்ட்ஸ் 1964இல் காத்மாண்டுவில் தொடங்கிய மவுண்டன் டிராவல் நிறுவனத்தால் இமயப் பயணம் விலைக்குக் கிடைக்கும் சேவையாயிற்று. 1985இல் டிக் பாஸ் என்னும் ஐம்பத்தைந்து வயது அமெரிக்கத் தொழிலதிபர் தேர்ந்த ஏறுநர் ஒருவரின் துணையோடு எவரெஸ்ட்டில் ஏறியபின், பணம் செலுத்துவோரை உச்சிவரை அழைத்துச் செல்லும் வணிகம் பெருகியது. அத்துடன், பணம் கொடுப்பவரே முடிவு செய்யும் கூலி காட்டின் பழைய சிக்கலும் திரும்பி வந்தது. உச்சிக்குச் செல்லும் நாளில், எங்கு நின்றாலும் கீழிறங்கத் தொடங்க வேண்டிய மணியை முன்கூட்டியே குறிப்பது ‘திரும்பும் நேரம்’ எனப்படும். பெருந்தொகை செலுத்தியவரிடம் அதைச் சொல்லி நிறுத்துவதற்கே வழிகாட்டி தேவைப்படுகிறார். 1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகும் பலர் ஏறிக்கொண்டிருக்க, மாலையில் வீசிய புயலில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். வணிகக் குழுக்கள் இரண்டின் தலைவர்களும் அவர்களுள் அடங்குவர். மற்ற உரிமைகள் எல்லாவற்றையும் விற்றாலும் இந்த ஓர் உரிமையை வழிகாட்டி விற்கக் கூடாது.

அவ்வுரிமையும் எல்லாவற்றையும் காத்துவிடாது. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சி மாணவர்களும் பயிற்றுநர்களும் 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியதில் இருபத்தேழு பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால், அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட்டில் ஏறி இறங்கியவர்.