கருவின் இதயத்துடிப்புக் கண்காணிப்பு

கருவின் இதயத்துடிப்புக் கண்காணிப்பு என்பது, கருப்பையில் வளரும் குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா என்பதை, அதன் இதயம் துடிக்கும் வேகத்தையும் அவ்வேகம் மாறும் விதத்தையும் கொண்டு கணிக்கும் மகப்பேற்று மருத்துவ முறையாகும். தாயையும் சேயையும் இணைக்கும் நஞ்சுக்கொடியின் வழியே வரும் ஆக்சிஜன் குறைந்தால், இதயத்தை ஆளும் நரம்புகளின் செயல் மாறித் துடிப்பிலும் அம்மாற்றம் வெளிப்படும் என்பதே இதன் அடிப்படை.

ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரான்சுவா மயோர், தாயின் வயிற்றில் காதை வைத்து இத்துடிப்பைக் கேட்டதை 1818இல் வெளியிட்டார். 1895இல் பிரெஞ்சு மருத்துவர் அடால்ஃப் பினார் அறிமுகப்படுத்திய குழல் வடிவக் கேட்புக்கருவி இன்றும் பயன்படுகிறது. துடிப்பை மின்னணு முறையில் தொடர்ந்து பதியும் வழியை அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஹான் 1958இல் விவரித்தார்.

நிறைமாதக் குழந்தையின் இதயம் இயல்பாக நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். பேறுகாலத்தின் பிற்பகுதியில், குறிப்பாகத் தாய்க்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், குழந்தையின் அசைவுக் குறைவு போன்றவை இருக்கும்போது, 'என்எஸ்டி' எனப்படும் அழுத்தமில்லாச் சோதனை செய்யப்படுகிறது. இதில் தாயைச் சற்றே இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, துடிப்பை உணரும் கருவியையும் கருப்பையின் இறுக்கத்தை உணரும் கருவியையும் வயிற்றில் பட்டையால் கட்டி, இரண்டையும் தாளில் வரைபடமாகப் பதிகின்றனர். 32 வாரங்களுக்குப் பின், 20 நிமிடங்களுக்குள் துடிப்பு இருமுறையேனும் 15 எண்ணிக்கை உயர்ந்து, ஒவ்வொரு முறையும் 15 நொடிகளாவது நீடித்தால் குழந்தை நலமாக இருப்பதாகக் கொள்ளப்படும். உறங்கும் குழந்தையிடம் இவ்வுயர்வுகள் தோன்றாமல் போகலாம் என்பதால், தேவைப்பட்டால் சோதனை 40 நிமிடங்கள் வரை நீட்டிக்கப்படுகிறது.

இச்சோதனை நலம் எனக் காட்டுவதைப் பெரிதும் நம்பலாம். ஆனால் ஐயத்துக்குரிய பதிவு கிடைத்த பலருக்கும் ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன. ஆகவே அத்தகைய பதிவைக் கண்டவுடன் பிரசவத்தை முடிவு செய்யாமல், குழந்தையின் அசைவு, மூச்சியக்கம், தசையிறுக்கம், பனிக்குடநீரின் அளவு ஆகியவற்றை ஸ்கேன் மூலம் ஆராய்கின்றனர். பிரசவ வலியின்போது செய்யப்படும் தொடர் கண்காணிப்புக்கும் எல்லை உண்டு: ஏறத்தாழ 13,000 பெண்களைக் கொண்டு டப்ளினில் நடந்து 1985இல் வெளியான ஆய்வில், அது பிறந்த குழந்தைகளின் வலிப்பைக் குறைத்தபோதிலும் இறப்பைக் குறைக்கவில்லை. எனவே சிக்கலற்ற பேறுகளில், குறித்த இடைவெளிகளில் துடிப்பைக் கேட்பதையே உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது.

எந்தப் பதிவும் தாயின் உணர்வுக்கு மாற்றாகாது. முந்தைய சோதனை இயல்பாக இருந்திருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது.