தணலில் மலர்ந்த சோளப்பொரி

பாப்கார்ன் எனப்படும் சோளப்பொரி, திரையரங்கத் தின்பண்டமாவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டங்களில் திறந்தவெளி நெருப்பின் உணவாக இருந்தது. பெரு நாட்டின் வடகரையிலுள்ள பாரெடோனெஸ், ஹுவாக்கா பிரியெட்டா ஆகிய தொல்லிடங்களில் கிடைத்த, ஏறத்தாழ 6,700 ஆண்டுப் பழமையுடைய மக்காச்சோள எச்சங்களில் பொரிசோள வகையும் காணப்படுகிறது. அங்கு மட்பாண்டம் வழக்கிற்கு வராத காலம் அதுவாதலால், கதிர்களைத் தணலிலோ சுடரிலோ நேரடியாக வாட்டியே பொரித்திருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவர்.

இவ்வகை மணியின் கடினமான மேலுறை, உள்ளிருக்கும் சுமார் 14 விழுக்காடு ஈரத்தை வெளியேறவிடாது காப்பதால், வெப்பம் 180 பாகை செல்சியஸை நெருங்கும்போது நீராவியின் அழுத்தம் உறையைப் பிளக்க, இளகிய மாவுச்சத்து நுரைபோல் விரிந்து வெண்பொரியாக இறுகுகிறது. மெக்சிகோவின் அஸ்தெக் மக்கள் அப்பொரியை மாலையாகக் கோத்துச் சடங்குகளில் அணிந்ததை 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியத் துறவியான சகாகுன் பதிவுசெய்துள்ளார்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டினர், நெருப்பின்மேல் பிடித்துக் குலுக்குவதற்கு நீண்ட கைப்பிடியுடைய கம்பிவலைக் கூடையைக் கையாண்டனர். 1893இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் தமது நீராவிப் பொரி எந்திரத்தைக் காட்சிக்கு வைத்தபின், அடுப்பங்கரையின் பொரி தெருவோர வணிகப் பொருளாயிற்று.